பால் காபி நிறத்தில் ஆயில்

அத்தியாயம் 11

வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. இனி மனுஷர்கள் வர வேண்டியதுதான் பாக்கி.

போன வாரம் நாத்தனார் வீட்டுப் படியேறி, "வெளியாளுக்கு எதுக்கு விக்கணும், நான் வாங்கிக்கறேன்" என்று அடம்பிடித்துக் கார் சாவியைக் கையோடு வாங்கி வந்தாளே இந்த வீட்டு மூத்த மருமகள், அந்த மூத்தவளுக்கு இன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை.

அப்படி ஒன்றும் பிரமாதமான கார் இல்லை. வெள்ளை நிறம். இடது பக்கக் கதவில் ஒரு நெளிசல். சொந்தக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் என்பதால் டாஷ்போர்டைத் திறந்தால் கண்ணாடி துடைக்கிற துணிகள் கொத்தாக வந்து மடியில் விழும். ஆனால் அந்தச் சொந்தக்காரர், நாத்தனாரின் புருஷன். இந்த வீட்டு மாப்பிள்ளை. இரண்டு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவர்.

மாமனார் இறந்த அன்று மாப்பிள்ளை தாமதமாகத்தான் வந்தார். கூடத்தில் அத்தனை ஜனம் உட்கார்ந்திருக்க, மூத்தவளின் கொழுந்தன் சின்னவன் எழுந்து நின்று, "வேடிக்கை பார்க்க வந்தீங்களா மாமா? எல்லாம் முடிஞ்சு போச்சே" என்று கேட்டான். மாப்பிள்ளை வந்த காலோடு திரும்பிவிட்டார். அவர் பின்னாலேயே நாத்தனாரும் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

போனவள் போனவள்தான். மாமியார் மகளின் குரலைப் போனில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதுவும் நல்ல நாள் பார்த்து.

மூத்தவளின் புருஷன் கப்பலில் வேலை பார்ப்பவர். கரை தொட இன்னும் மாதங்கள் ஆகும். ஆகவே உடைந்ததை ஒட்டுகிற வேலை மூத்தவள் தலையில். அவளுக்கு அது பாரமாகவும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தையே ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவள். ஒரு குடும்பம் எம்மாத்திரம்?

இன்று சாயங்காலம் அதே காரில் போய் நாத்தனாரையும் மாப்பிள்ளையையும் கூட்டி வர வேண்டும். இரவுச் சாப்பாடு இங்கே. மாப்பிள்ளையே சரி என்று சொல்லியாகிவிட்டது.

சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"என்ஜின் ஆயில் மாத்துற நேரம் தாண்டிப் போச்சும்மா. கடை வேலையில விட்டுட்டேன். முதல் காரியமா அதை மாத்திடுங்க."

மெக்கானிக்கிடம் விட்டிருந்தால் விஷயம் முடிந்தது. மூத்தவள்தான் கூடாது என்றாள். சின்னவன் கையால்தான் அது நடக்க வேண்டும். வாயால் அறுத்ததை அவன் கையாலேயே தைக்கட்டும்.

*

"அண்ணி, வண்டிக்கு ஆயில் எடுக்கறது வெறும் வயித்துலயா, சாப்பிட்டுட்டா?"

காருக்கடியிலிருந்து சின்னவனின் குரல் வந்தது. செல்போன் கடையில் உடைந்த திரை மாற்றுகிற வேலை அவனுக்கு. ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் போன். போனில் யாரோ ஒருவர் வேறு யாருடைய காருக்கோ ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் ஓட்டிச் சூடு பண்ணிட்டு எடுக்கணும். பண்ணியாச்சு. அந்த வீடியோவை அணைச்சுட்டு, தலைக்கு மேல இருக்கறதைப் பாரு."

முன்சக்கரங்கள் இரண்டும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய இரும்புச் சாய்தளங்களின் மேல் ஏறி நின்றன. பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்துச் செங்கல். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இழுத்தோமா என்று இன்னொரு தடவையும் பார்த்தாயிற்று. மூத்தவள் எதையும் இரண்டாம் தடவை பார்ப்பவள்.

"தெரியுதா? அடியில தட்டையா ஒரு தொட்டி மாதிரி. அதோட பின்பக்கம் ஒரு போல்ட்."

"தெரியுது தெரியுது. நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னவன்தானே?"

"அண்ணி, ஆயில் வழியறதுக்கு எதுல பிடிக்கறது? அதைச் சொல்லுங்க முதல்ல."

அதற்குள் மாமியார் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசினோடு வந்து நின்றாள். காலையிலிருந்து அடுப்படியும் கூடமுமாக அலைகிறாள். மகள் வரப்போகிறாள் என்றதும் வயசில் பாதியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டாள்.

"இதை வச்சுக்கோ. துணி துவைக்கறதுதான். போனாப் போகுது."

சின்னவன் கையை மட்டும் நீட்டி அதை வாங்கி உள்ளே இழுத்துக்கொண்டான்.

போல்ட் லேசில் அசையவில்லை. சின்னவன் பல்லைக் கடித்தான், முனகினான், ஸ்பேனரை ஒரு உதை விட்டான். சட்டென்று இளகியது. கையால் திருக ஆரம்பித்தவன் கடைசிச் சுற்றில் "ஆ!" என்று கத்திக் கையை உதறினான். சூடான ஆயில் கட்டியாக, கருப்பாகக் கொட்ட ஆரம்பித்தது. போல்ட்டும் அதோடு சேர்ந்து பேசினுக்குள் தொபுக்கென்று விழுந்தது.

"விழுந்தா விழட்டும். முழுசா வடியட்டும், அப்புறமா எடுக்கலாம்."

அந்த நேரம் பார்த்து மூத்தவளின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. ஒரு ரிசல்ட்டில் டாக்டருக்குச் சந்தேகம். சத்தமில்லாமல் பேச வேண்டும் என்று உள்ளறைக்குப் போனாள். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதே."

*

தொடாமல் இருந்தால் அவன் சின்னவன் இல்லையே.

டாக்டரின் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு மூத்தவள் வெளியே வந்தபோது வாசலில் சத்தம் வேறு மாதிரி இருந்தது. சின்னவன் நடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். முழங்கை வரை ஆயில். கையில் போன், ஸ்பீக்கரில்.

"உங்க வண்டியோட லட்சணம் தெரிஞ்சு போச்சு மாமா! என்ஜினுக்குள்ள தண்ணி இறங்கியிருக்கு. ஆயில் பால் காபி மாதிரி வருது. தண்ணியைத் தடுக்கற ஹெட் கேஸ்கெட் போன வண்டியை எங்க தலையில கட்டிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி ஆயில் மாத்துங்கன்னு சொல்லி அனுப்பறீங்களா? எதுக்கு? மாத்திட்டா கேக்க முடியாதுன்னா?"

"டேய்!" என்றாள் மூத்தவள்.

போனில் மாப்பிள்ளையின் குரல், அலட்டிக்கொள்ளாமல்.

"அண்ணி பக்கத்துல இருக்காங்களா?"

"அண்ணி எதுக்கு? என்கிட்ட பேசுங்க. நீங்க இப்படித்தான்னு எனக்கு எப்பவோ தெரியும்."

"சரிப்பா."

அவ்வளவுதான். லைன் போய்விட்டது.

கதவோரத்தில் மாமியார் கரண்டியோடு நின்றாள். கரண்டியிலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

மூத்தவளின் கையில் போன் துடித்தது. மாப்பிள்ளையிடமிருந்து செய்தி. "இன்று நாங்கள் வரவில்லை. சிரமப்பட வேண்டாம்." எழுத்தில்கூட அந்த மனுஷர் குரலை உயர்த்தவில்லை.

"என்னம்மா?" என்றாள் மாமியார்.

"வரலையாம் அத்தை."

மாமியார் உள்ளே போனாள். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. ஒன்று. பிறகு இன்னொன்று.

"நான் தப்பாப் பேசிட்டேனா?" சின்னவன் எகிறினான். "வந்து பாருங்க அண்ணி. உங்க கண்ணால பாருங்க. அப்புறம் சொல்லுங்க யாரு தப்புன்னு."

மூத்தவள் குனிந்து பார்த்தாள்.

பேசின் நிறைய ஆயில். அவள் உள்ளே போகும்போது கருகருவென்று கொட்டிய ஆயில். இப்போது பழுப்பாக, நுரை கட்டி, ஓரத்தில் ஏடு படிந்தாற்போல் கிடந்தது. சின்னவன் சொன்னது சரிதான். பால் காபியேதான்.

அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் தட்டியது. என்ஜினுக்குள் தண்ணீர் கலந்தால் ஆயில் இப்படித்தான் ஆகும் என்று அவளுக்கும் தெரியும். மனுஷர் ஏமாற்றித்தான் விட்டாரா? இரண்டு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்து, சமயம் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாரா? அப்படியானால் சாவியைக் கொடுக்கும்போது அந்த முகத்தில் இருந்த சிரிப்பு?

ஒரு நிமிஷம்தான். அதற்கு மேல் சந்தேகத்தைக் கையில் வைத்திருக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அவள் வேலையில் சந்தேகம் வந்தால் செய்வது ஒன்றுதான். திரும்ப சாம்பிள் எடுப்பது.

"வெளியே கொட்டும்போது என்ன நிறம்?"

"கருப்புதான்."

"எப்ப நிறம் மாறிச்சு?"

"போல்ட்டை எடுக்கக் கையை விட்டேன். அது எங்கேயோ போய் ஒளிஞ்சுக்கிச்சு. நல்லாத் துழாவினேன். கையை வெளியே எடுத்தா இப்படி."

"தொடாதேன்னு சொன்னேனே?"

"போல்ட்டைத்தானே தொட்டேன்!"

மூத்தவள் அவனைப் பார்த்த பார்வையில், அவள் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண்கள் என்றால் இந்நேரம் நாலு பேர் அழுதிருப்பார்கள்.

"வண்டிக்குள்ள இன்னும் பழைய ஆயில் எங்கே மிச்சம் இருக்கு?"

"எங்கேயும் இல்ல. எல்லாம் வடிஞ்சாச்சு."

"ஃபில்டரைக் கழட்டினியா?"

சின்னவன் விழித்தான். "இன்னும் இல்ல."

"அப்ப அதுக்குள்ள இருக்கு. உன் கை படாதது, பேசின் படாதது. நகரு."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே காருக்கடியில் நுழைந்தாள். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். போகட்டும். கைக்கு எட்டுகிற இடத்தில், குட்டி டப்பா போலத் தலைகீழாகத் தொங்கியது ஃபில்டர். துணியைச் சுற்றி இறுக்கித் திருகினாள். கழன்றது. ஒரு சொட்டுச் சிந்தாமல், ரத்தம் எடுத்த குழாயைப் பிடிப்பது போல நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"என் பையில புதுச் சாம்பிள் பாட்டில் இருக்கும். ரெண்டு எடுத்துட்டு வா. சீல் பிரிக்காதது."

"அண்ணி, அதுல எல்லாரும்…"

"புதுசுன்னு சொன்னேன்ல?"

ஃபில்டரிலிருந்து முதல் பாட்டிலில் ஊற்றினாள். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். கன்னங்கரேல் என்ற ஆயில். ஓரத்தில் சாய்த்தால் தேன் போல ஒரு பழுப்பு. ஒரு பொட்டு வெண்மை கிடையாது, நுரை கிடையாது. பழசாகிப்போன, வேளை தாண்டிய, ஆனால் யோக்கியமான ஆயில்.

பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றுகிற மூடியின் அடிப்பக்கத்தையும் பார்த்தாள். என்ஜினுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் அங்கேயும் ஏடு படிந்திருக்கும். சுத்தம்.

"வண்டி நல்லா இருக்கு," என்றாள். "அப்ப அந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?"

கேள்வி சின்னவனுக்கு. ஆனால் அவள் கண் போனது அடுப்படிப் பக்கம்.

"அத்தை!"

மாமியார் வந்தாள். கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்று சொல்லவும் வழியில்லை, அடுப்பைத்தான் அணைத்தாயிற்றே.

"அத்தை, இந்தப் பேசினைக் குடுக்கறதுக்கு முன்னாடி கழுவினீங்களா?"

மாமியாருக்கு அந்தச் சோகத்திலும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன கேள்வி இது? கழுவாத பாத்திரத்தை நான் என் கையால யாருக்காவது குடுத்திருக்கேனா? சோப்பு போட்டுத் தேய்ச்சுக் கழுவித்தான் குடுத்தேன்!"

"துடைச்சீங்களா?"

"துடைக்கறதுக்குள்ள இவன் கையை நீட்டிப் பிடுங்கிட்டானே!"

அழுக்கு ஆயிலைப் பிடிக்கிற பேசினைச் சோப்பு போட்டுக் கழுவித் தருகிற வீடு உலகத்தில் எத்தனை இருக்கும்? இந்த ஒரு வீடாகத்தான் இருக்கும்.

மூத்தவள் முதல் பாட்டிலில் பாதியை இரண்டாவதில் ஊற்றினாள். மாமியாரிடம் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஒரு கரண்டி விட்டாள். மூடியை இறுக்கினாள். குலுக்கினாள்.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிலுக்குள் கருப்பு கலங்கிப் பழுப்பானது. பழுப்பில் நுரை ஏறியது. பால் காபி.

சின்னவன் அப்படியே சாய்தளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நான் கழுவினதாலயா?" என்றாள் மாமியார். "என் பொண்ணு வராம போனதுக்கு நானே காரணமா?"

"நீங்க பாத்திரத்தைக் கழுவினதுல ஒரு தப்பும் இல்ல அத்தை. இவன் வாயைக் கழுவாம விட்டதுதான் தப்பு. பாத்திரத்தைப் பார்க்காம விட்ட தப்பு எனக்கு. போங்க, போய் அடுப்பைப் பத்த வைங்க."

"அவங்கதான் வரலைன்னு…"

"பத்த வைங்க அத்தை."

*

மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நாத்தனாருக்குப் போட்டாள். அங்கேயும் அதே கதை.

"திரும்பப் போடுங்க, நான் பேசறேன்," என்றான் சின்னவன். குரலில் பழைய காரம் ஒரு துளியும் இல்லை.

"போன்ல திட்டினது போதும். மன்னிப்பு நேர்ல. முதல்ல கையில எடுத்த வேலையை முடி."

முடித்தான். இந்த முறை அண்ணி சொன்னதற்கு மேல் ஒரு விரலை அசைக்கவில்லை. போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு இறுக்கினான். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயிலைத் தொட்டுத் தடவி, கையாலேயே திருகினான். வண்டியைச் சாய்தளத்திலிருந்து இறக்கிச் சமதரையில் நிறுத்தினார்கள். புது ஆயில் தங்க நிறத்தில் புனலில் இறங்கியது. அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தான். இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றது ஆயில்.

"இன்னொரு தடவை பாரு," என்றாள்.

"பார்த்துட்டேன் அண்ணி. ரெண்டு தடவை."

மூத்தவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

சாவியைத் திருப்பினாள். என்ஜின் பூனை உறுமுவது போல, மெத்தென்று ஓடியது. காருக்கடியில் குனிந்து பார்த்தான் சின்னவன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

குளித்து, சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு வந்தான். கையில் அந்த இரண்டு பாட்டில்கள்.

"அது எதுக்கு?"

"காட்டணும்ல? கருப்பு ஒண்ணு, காபி ஒண்ணு. பார்த்தா மாமாவுக்கு உடனே புரிஞ்சுடும்."

"ஆதாரம் காட்டறதெல்லாம் கோர்ட்டுல. நாம போறது நம்ம மனுஷங்க வீட்டுக்கு. வச்சுட்டு வா."

வழி நெடுக அவன் உதடு அசைந்துகொண்டே வந்தது. சிக்னலில் நிற்கும்போது மூத்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"மனப்பாடம் பண்ணாதே. ஒப்பிச்சா தெரிஞ்சு போயிடும்."

"பயமா இருக்கு அண்ணி."

"இருக்கட்டும். திட்டும்போது கொஞ்சம் இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

*

கீழே கடை, மேலே வீடு. கடை வாசலில் ஒரு ஜோடி ராட்சச மூக்குக்கண்ணாடி தொங்கியது. உள்ளே மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்து ஒரு ஃபிரேமின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தார். கார் வந்து நின்ற சத்தத்துக்கு நிமிரவில்லை. தன் வண்டியின் சத்தம் அவருக்குத் தெரியாதா என்ன?

"வாங்கம்மா," என்றார் மூத்தவளிடம். சின்னவன் பக்கம் கண் போகவில்லை.

மூத்தவள் ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

சின்னவன் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் போய் நின்றான். சுற்றிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் முகமே அவனுக்குத் தெரிந்தது.

"மாமா, பேசின்ல சோப்புத் தண்ணி இருந்துச்சு. அது தெரியாம நான் கையை விட்டுக் கலக்கிட்டேன். வண்டியில ஒரு குறையும் இல்ல."

திருகு சுற்றிக்கொண்டே இருந்தது.

"பார்த்திருக்கலாம் மாமா. பார்க்கத் தோணலை. நீங்க தப்பு பண்ணியிருப்பீங்கன்னு நம்பறதுக்கு எனக்கு ஆசையா இருந்துச்சு. அன்னிக்கு அப்பா போனப்பவும் அப்படித்தான். ஏன் லேட்டுன்னு நான் உங்களைக் கேக்கவே இல்ல. நானா ஒண்ணு முடிவு பண்ணி, நாலு பேர் முன்னாடி கத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

இது மனப்பாடம் பண்ணியது இல்லை என்று மூத்தவளுக்குத் தெரிந்தது. வழியில் அசைந்த உதட்டில் இத்தனை நீளம் இல்லை.

மாப்பிள்ளை ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"இப்ப கேளு."

"என்ன மாமா?"

"ஏன் லேட்டுன்னு கேளு."

"அன்னிக்கு ஏன் மாமா லேட்டு?"

"ஆஸ்பத்திரியில தூக்கி மாத்தும்போது உங்க அப்பாவோட கண்ணாடி உடைஞ்சு போச்சு. கண்ணாடி இல்லாத மூஞ்சியோட அவரை அனுப்பக் கூடாதுன்னு உங்க அக்கா ஒரே அழுகை. அவர் பவர் எனக்கு மனப்பாடம். உட்கார்ந்து லென்ஸ் தேய்ச்சு, அதே மாதிரி ஃபிரேம்ல போட்டு, எடுத்துட்டு வந்தேன்." சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். "இங்கேதான் இருந்துச்சு. நீ பேசினதும், அப்படியே திருப்பிக் கொண்டு வந்துட்டேன்."

சின்னவன் கண்ணாடி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மாப்பிள்ளையே எழுந்து வந்து, மேஜையில் கிடந்த துணியை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"மூஞ்சியைத் துடை. கஸ்டமர் வந்தா பவர் ஜாஸ்தியாயிடுச்சு, அதான் அழறான்னு நினைப்பாங்க."

சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் வந்தது சின்னவனிடமிருந்து.

"ஆயில் லெவல் பார்த்தியா?"

"பார்த்தேன் மாமா. ரெண்டு தடவை."

"நானும் ஒரு தடவை பார்த்துடறேன்." சொல்லிக்கொண்டே வாசலுக்கு நடந்தார்.

மூத்தவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி மாடியில் இருக்கிறது.

"அண்ணா, அவ மேலதானே இருக்கா? நான் போய்ப் பேசறேன்."

மாப்பிள்ளை பானெட்டைத் தூக்கி நிறுத்தினார்.

"அவளா? இவன் போன் பண்ணினதைக் கேட்டுட்டுப் பத்திரகாளி மாதிரி கிளம்பிட்டா. 'நீங்க வராட்டி போங்க, நான் போய் அவனை நாலு அறை அறைஞ்சுட்டு வர்றேன்'னு பஸ் ஏறிட்டா. இந்நேரம் உங்க வீட்டுக்குப் போயிருப்பா."

"எங்க வீட்டுக்கா?"

இரண்டு வருஷமாக எத்தனை பேர் கூப்பிட்டும் வராதவள், புருஷன் திட்டு வாங்கிய கோபத்தில் தானாகவே கிளம்பியிருக்கிறாள்! மூத்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்னவன் மட்டும் கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

அதே நேரம் போன் அடித்தது. மாமியார்.

"பெரியவளே, வந்துட்டாம்மா! என் பொண்ணு வந்துட்டா! உள்ள வந்ததும் எங்க அவன், எங்க அவன்னு கத்தினா. அப்புறம் என்னைப் பார்த்தா. பார்த்துட்டு அப்படியே கட்டிப் பிடிச்சுக்கிட்டா. இப்ப அடுப்படியில நின்னு ஒவ்வொரு பாத்திரமாத் திறந்து பார்த்துட்டிருக்கா."

"வந்துட்டே இருக்கோம் அத்தை. அண்ணாவையும் கூட்டிட்டு வர்றேன்."

"சரிம்மா, சீக்கிரம் வாங்க." மாமியாரின் குரல் கீழே இறங்கியது. "ஒண்ணுதான் எனக்குப் புரியலை. கையில ஒரு பெட்டியோட வந்திருக்கா. என்னடி இதுன்னு கேட்டா பேச்சை மாத்தறா."

"அவ கையில பெட்டியா?"

கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் கை நின்றது.

"எந்தப் பெட்டி? இங்கேருந்து வெறுங்கையா, பர்ஸோடதான் போனா. நான்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாடியே போனேனே." அவர் குரல் மாறியிருந்தது. "என்ன கலர்னு கேளுங்கம்மா."

கேட்டாள்.

"நீலமாம் அண்ணா. பித்தளைப் பூட்டு போட்டிருக்காம்."

மாப்பிள்ளை கம்பியை அதன் இடத்தில் செருகினார். ஆயில் எந்தக் கோட்டில் நின்றது என்று அவர் பார்க்கவேயில்லை. பானெட்டை இறக்கி அடைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் நேராக டிரைவர் பக்கக் கதவுக்குப் போனார். அங்கே மூத்தவள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறினார். சின்னவன் பின்னால் தாவினான்.

"மாமா, கடை திறந்து கிடக்கு!"

"கிடக்கட்டும். வேகமாப் போங்கம்மா."

"என் வண்டி அண்ணா. எவ்வளவு வேகம் வேணும்னு எனக்குத் தெரியும்." கார் தெருமுனையில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. "நீங்க அந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

மாப்பிள்ளை ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்படி ஒரு பெட்டி இருக்கறதே அவளுக்குத் தெரியாதுன்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்."

மூத்தவள் அடுத்த கியரைப் போட்டாள்.